ஜெருசலேம் மதிலுக்கு வைத்த நேர்த்தி

முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். என் மனைவியின் உயிருக்காக, ஜெருசலேம் நகரத்தைச் சுற்றிப் பிரதட்டை அடிப்பதாக நேர்த்தி வைத்தவன் நான். அதாவது வேட்டியோடு தரையில் விழுந்து, கைகளைத் தலைக்கு மேலே கூப்பிக்கொண்டு, உருண்டு உருண்டே அந்த நகரத்தை ஒரு சுற்று வருவதாக. வைக்கும்போது நகரம் எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியாது. எந்த நாட்டில் இருக்கிறது என்பதும் சரியாகத் தெரியாது. பிறகு விசாரித்ததில், இரண்டாவது கேள்விக்கு உலகத்துக்கே ஒருமித்த பதில் இல்லை என்று அறிந்து கொஞ்சம் ஆறுதல்பட்டேன். முதலாவதற்கு மன்னிப்பே கிடையாது.

எனக்கு ஐம்பத்து நான்கு வயது. ஹவுன்ஸ்லோவில் வீடு. விமான நிலையத்தில், நடக்க இயலாத பயணிகளைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போய் விமான வாசலில் விடும் வேலை. உலகத்தின் பாதி ஊர்களுக்குப் போகிறவர்களைத் தள்ளியிருக்கிறேன். ஆனாலும் எனக்குத் தெரிந்த பூகோளம் எல்லாம் கேற் நம்பர்கள்தான்.

மனைவியின் குடலில் கட்டி என்று கண்டுபிடித்து, அடுத்த மாதமே ஒப்பரேசனுக்கு நாள் வைத்தார்கள். ஐந்து மணித்தியாலம் பிடிக்கும் என்றார்கள். நானும் மகளும் வெளியே காத்திருந்தோம். முதல் ஒரு மணித்தியாலத்திலேயே மகளுக்கு என்னைத் தாங்க முடியவில்லை.

"அப்பா, ப்ளீஸ். நீங்க நடக்கிறதைப் பாக்க எனக்குத் தலை சுத்துது. எங்கயாவது போய் இருங்கோ."

அம்புக்குறியைப் பின்பற்றிப் போனதில் பிரார்த்தனை அறை வந்தது. எல்லா மதத்தாருக்கும் பொதுவான அறை. கம்பளம் விரித்திருந்தது. மூலையில் மடித்து வைத்த தொழுகைப் பாய்கள். கூரையில் மெக்கா இருக்கும் திசைக்கு ஓர் அம்புக்குறி. மேசையில் மரச் சிலுவை. தட்டில் ஏழு கிளை விளக்கு. எங்கள் பக்கத்து ஆள் யாராவது இருக்கிறாரா என்று தேடினேன். ஓர் அலுமாரி இருந்தது. பிள்ளையார் உள்ளே இருப்பார் என்ற நம்பிக்கையோடு திறந்தேன். உள்ளே வெக்குயும் கிளீனர் நின்றது.

சுவரில் ஒரு பெரிய புகைப்படம் மாட்டியிருந்தார்கள். உயரமான கல் மதில், அதற்கு மேலே பொன் நிறத்தில் ஒரு குவிமாடம். கீழே, ஜெருசலேம், மூன்று மதங்களுக்குப் புனித நகரம் என்று எழுதியிருந்தது.

இந்த நாட்டுக்கு வந்த காலத்தில் ஒரு கடிதத்துக்காக ஓர் அலுவலகத்திலிருந்து இன்னோர் அலுவலகத்துக்கு மாதக்கணக்காக அலைந்தவன் நான். 'அது எங்கள் பொறுப்பில் இல்லை' என்ற வசனத்தை எத்தனை யன்னல்களில் கேட்டிருப்பேன். அப்படிப்பட்ட ஒருவனுக்கு, மூன்று மேலதிகாரிகளும் ஒரே கட்டடத்தில் இருக்கிறார்கள் என்று எழுதி மாட்டினால் என்ன தோன்றும்? மதிலைப் பார்த்தேன். எங்களுக்கு மதில் என்றால் கோயில் மதில். கோயில் மதில் என்றால் அதைச் சுற்றி வீதி. வீதி இருந்தால் உருளலாம். பெண்சாதி பிள்ளைகளுக்குக் கடும் வருத்தம் வந்தால் எங்கள் ஊர் ஆண்கள் செய்கிற கடைசி வேலை அதுதான். கொடுப்பதற்கு வேறொன்றும் இல்லாதபோது உடம்பையே கொடுப்பது.

புகைப்படத்துக்கு முன்னால் கும்பிட்டு நின்று வாய்விட்டுச் சொன்னேன்: "அவவை எனக்குத் திருப்பித் தாங்கோ. இந்த மதிலைச் சுத்தி ஒரு பிரதட்டை அடிக்கிறன்."

சத்திரசிகிச்சை நிபுணர் வெளியே வந்து எல்லாம் நல்லபடி முடிந்தது என்று சொன்னபோது, நான் அழுதேன். அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அவர் பயந்துபோய்க் கையை இழுத்துக்கொண்டார். அந்தக் கைக்குக் காப்புறுதி எல்லாம் இருக்கும்போல.

வீட்டுக்கு வந்து பத்தாம் நாள், மனைவி சோபாவில் தலையணையோடு சாய்ந்திருந்த நேரம் விஷயத்தைச் சொன்னேன்.

"நேர்த்தியோ? எங்கை?"

"ஜெருசலேமிலை."

"அங்கை ஆர் இருக்கினம் எங்கட ஆக்கள்?"

"ஒருத்தரும் இல்லை."

"பேந்து என்னத்துக்கு?"

"உருள."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு வயிற்றை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். "ஐயோ, இஞ்சாருங்கோ, சிரிக்கப் பண்ணாதையுங்கோ. தையல் பிரியப்போகுது."

மகள் அதற்குள் போனில் பார்த்துவிட்டாள். "அப்பா, அந்த வோல் முழுக்க நாலு கிலோமீட்டர். இஞ்ச இருந்து கிட்டத்தட்ட ஃபெல்தம் வரைக்கும். ஒரு பக்கம் பள்ளத்தாக்கு. இன்னொரு பக்கம் பஸ் போற மெயின் றோட். இது செமெட்ரி."

மனைவிக்கு அந்தக் கடைசித் தகவல்தான் பிடித்தது. "அப்ப நல்லது. உருண்டு போனால் அங்கையே விட்டிட்டு வரலாம்."

அவர்கள் சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஆனால் நான் பின்வாங்கவில்லை. வாக்கு வாக்குத்தான். தூரம் கூடிவிட்டது என்பதற்காக ஒப்பந்தத்தை முறிக்க முடியுமா? அவர்கள் தங்கள் பங்கைச் செய்துவிட்டார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே பின்வளவில் பயிற்சியை ஆரம்பித்தேன். ஷெட்டிலிருந்து வேலி வரை, வேலியிலிருந்து ஷெட் வரை. மூன்றாவது தரம் உருண்டபோது வானமும் புல்லும் இடம் மாறின. காலைச் சாப்பாடு முழுவதையும் ரோசாச் செடிக்குக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தேன். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் வேலிக்கு மேலால் தலையை நீட்டி, "ஏதாவது தொலைத்துவிட்டாயா?" என்று அன்பாகக் கேட்டார்.

அந்த மதிலைப் பற்றிச் சரியாக விசாரிக்க எனக்கு ஓர் ஆள் இருந்தார். என்னோடு நாற்காலி தள்ளுகிறவர்களில் ஒருவர் ஜெருசலேமில் பிறந்த பாலஸ்தீனர். அறுபது வயது. பிறந்த வீடு மதிலுக்கு உள்ளேயே. ஏழு வருடமாக ஒரே வாங்குப் பலகையில் இருந்து தேநீர் குடிக்கிறோம். ஆனால் ஊர்க்கதை ஒரு நாளும் பேசமாட்டார். அவர் பேசுவது ஆங்கிலம்தான். ஆனாலும் என் காதுக்குள் விழும்போது அது யாழ்ப்பாணத் தமிழாகித்தான் விழும். அப்படியே எழுதுகிறேன்.

நேர்த்தியைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு பயணியின் துண்டுச் சீட்டை எடுத்துப் பின்பக்கத்தில் மதிலைக் கீறினார். வாசல்களைக் குறித்தார்.

"இதிலை சந்தை மாதிரி. விடியக்காலையிலையிருந்து சனம். இதிலை உருண்டால் தக்காளிப்பழத்துக்கு மேலைதான் உருளவேணும். இதிலை ஒரு பள்ளிக்கூடம். இஞ்சை சரிவு துடங்குது. இதுக்குப் பிறகு நீ உருளத் தேவையில்லை. தானாப் போவாய்."

"நீங்கள் கடைசியா எப்ப போனியள்?"

"போறனான். ரூரிஸ்ற்றாப் போறனான்." சீட்டை மடித்தார். "இருபது வயசிலை படிக்க வெளிக்கிட்டது. கனகாலம் வெளியிலை நிண்டிட்டாயெண்டு என்ரை வதிவிட உரிமைக் கார்ட்டை எடுத்துப்போட்டினம். இப்ப நான் பிறந்த வீட்டு வாசலிலை நிண்டு படம் எடுத்துக்கொண்டு வாறன்."

அந்த இடத்தில் என் ஊர்க்கதையைச் சொல்ல வாய் உன்னியது. அடக்கிக்கொண்டேன். அடுத்தவனுடைய காயத்தைக் கண்டதும் தன் சட்டையைத் தூக்கிக் காட்டும் பழக்கம் எங்களுக்குக் கொஞ்சம் அதிகம்.

பயணத்துக்குப் பதிவு செய்தேன். சண்டை மூண்டது. விமானத்தை நிறுத்தினார்கள். சில மாதம் பொறுத்து இரண்டாவது தரம் பதிவு செய்தேன். மறுபடியும் நிறுத்தினார்கள். இதற்கிடையில் ஒரு திகதி என்னை நோக்கி வந்துகொண்டிருந்தது. ஒப்பரேசன் முடிந்து ஒரு வருடத்தில் மனைவிக்கு ஸ்கான். கட்டி திரும்பி வந்திருக்கிறதா இல்லையா என்று அதில்தான் தெரியும். நேர்த்தியை முடிக்காமல் அவளை அந்த இயந்திரத்துக்குள் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. பகலில் பகிடி விட்டுக்கொண்டு திரிந்தேன். ஆனால் அவள் ஒருமுறை இருமினால் போதும், எனக்கு அந்த மதில்தான் கண்ணுக்குள் எழும்பும்.

விமானங்கள் ஓடிய ஒரு வாரத்தில், ஜெருசலேமில் இருக்கும் மகளைப் பார்க்கப் போகிற யூத மூதாட்டி ஒருவரைத் தள்ளிக்கொண்டு போனேன். எண்பத்தைந்து வயதிருக்கும். வாய் இருபத்தைந்து வயது. என் கதையை முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "டார்லிங், உருளாதே. முழுக்கக் கல்லு. ஒரு துண்டிலை உன்ரை வேண்டுதலை எழுதித் தா. அங்கை சுவரிலை செருகிறது எங்கட வழக்கம். உனக்காக நான் வைக்கிறன்."

"நன்றி அம்மா. ஆனா எழுதித் தாறன் எண்டு நான் சொல்லேல்லை. உருளுறன் எண்டுதான் சொன்னனான்."

"எங்கட சனம் மாதிரியே பிடிவாதக்காரனாய் இருக்கிறாய்" என்றார். விமான வாசல் வரையில் சிரித்துக்கொண்டே போனார்.

விம்பிள்டன் பக்கம் கோயிலுக்குப் போய் ஐயரிடமும் கேட்டேன். அவர் இப்படிப்பட்டவர்களை நிறையக் கண்டவர்.

"தம்பி, தேருக்கு வாங்கோ. கவுன்சில் றோட்டை மறிச்சுத் தருவினம். தேருக்குப் பின்னாலை ஒரு சுத்து உருளுங்கோ. நான் சங்கல்பம் சொல்லி மாத்திவிடுறன்."

"வாக்குக் குடுத்தது அந்த மூண்டு பேருக்கெல்லோ ஐயா?"

"கடவுள் ஒண்டுதானே தம்பி."

"ஒண்டெண்டால் அண்டைக்கு அந்த அறையிலை ஏன் பிள்ளையார் இல்லை?"

"அதை ஆஸ்பத்திரிக்காரரைக் கேளுங்கோ" என்று சொல்லி, விபூதியைக் கொஞ்சம் அழுத்தமாகவே பூசிவிட்டார்.

மாற்ற மாட்டேன் என்று தீர்மானித்துவிட்டேன். நான் வாழ்க்கையில் விட்டுக்கொடுத்த விஷயங்கள் ஏராளம். தலைமயிர், காணி, சினிமா இயக்குநர் ஆகும் ஆசை, மகளோடு தமிழில் சண்டை பிடிக்கும் உரிமை. இதை மட்டும் கொடுக்கிறதாக இல்லை. மூன்றாவது தரமும் பதிவு செய்தேன். ஸ்கானுக்கு நாலு நாள் முன்னதாகத் திரும்பி வருகிற மாதிரி. வீட்டில் சொல்லவில்லை. வீட்டில் எல்லோருக்கும் பொதுவான ஒரேயொரு ஐபேட்டில் அந்தப் பதிவுக் கடிதம் வந்து விழும் என்பதை யோசிக்கிற அளவுக்கு எனக்கு மூளை இருந்திருந்தால், இந்த நேர்த்தியையே வைத்திருக்க மாட்டேன்.

சனிக்கிழமை மத்தியானம். மனைவி குசினியில் நின்று மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். ஐபேட் வெங்காயக் கூடையில் சாய்ந்தபடி நின்றது.

"இதென்ன?"

"அது... போயிட்டு ஸ்கானுக்கு முதல் வந்திடுவன்."

"அங்கை குண்டு விழுது."

"இப்ப விழேல்லை."

"ஆர் சொன்னது?"

"எயார்லைன்காரர்."

"எயார்லைன்காரர் உங்கட மாமன்மாரோ?"

நான் ஒரு பகிடி விடப் பார்த்தேன். அவள் மீன் வெட்டின கத்தியோடு திரும்பினாள். கத்திக்குப் பயப்படவில்லை. அவள் கண்ணைத்தான் பார்க்க முடியவில்லை.

"ஒரு வருசமாச் சிரிச்சுக்கொண்டு இருந்தன். இனிச் சிரிக்கேலாது. வெட்டினது டொக்டர். கிடந்தது நான். ஆறு மாசம் மருந்து ஏத்தி ஏத்தி வாந்தி எடுத்தது நான். நீங்கள் போய் உருண்டால் நான் இருப்பன், உருளாட்டிப் போயிடுவன் எண்டால் நான் ஆர்? நேந்து விட்ட கிடாயோ?"

"அப்பிடி இல்லையப்பா..."

"அப்பிடித்தான். நான் இருமினால் நீங்கள் என்னைப் பாக்கிறேல்லை. எங்கையோ ஒரு மதிலைப் பாக்கிறியள். எனக்குத் தெரியாதெண்டு நினைக்கிறியளோ?" கத்தியைக் கழுவி வைத்தாள். "ஸ்கான் முதல். உங்கட நேர்த்தி அப்பிடியே கிடக்கட்டும். அதைக் கிடத்திப்போட்டுத்தான் நான் போய் அந்த மெசினுக்குள்ளை படுப்பன். கட்டி வருகுதோ பாப்பம்."

"வந்தால்?"

"வந்தால் எனக்கு வந்தது. நான் பாக்கிறன். அதுக்கு நீங்கள் சொந்தம் கொண்டாடாதையுங்கோ."

முப்பது வருடத்தில் அவள் என்னோடு எத்தனையோ முறை கொழுவியிருக்கிறாள். மூன்று மதங்களோடும் ஒரே நேரத்தில் கொழுவியது அன்றுதான். அன்று பின்னேரமே பயணத்தை ரத்துச் செய்தேன். இதுவரைக்கும் அவர்கள் நிறுத்தினார்கள், இந்த முறை நானே நிறுத்துகிறேன். ஏதாவது நடந்தால் சண்டையைக் காரணம் சொல்லவும் வழி இல்லை.

ஸ்கான் நாளன்று மகளுக்குப் பரீட்சை. நாங்கள் இரண்டு பேரும்தான் போனோம். மனைவியின் பெயரைக் கூப்பிட்டார்கள். எழும்பினாள். கைப்பையையும் தாலிக்கொடியையும் என் கையில் தந்தாள்.

"இதிலை இருங்கோ. அந்தக் கும்பிடுற அறைக்குப் போகாதையுங்கோ."

"போகமாட்டன்."

அவள் கதவுக்குள் போன கையோடு போனேன். கையில் பெண்களின் தோள்பையோடு, மடியில் கட்டிய தாலிக்கொடியோடு, ஆஸ்பத்திரி நடையில் என்னைக் கண்டவர்கள் வழி விட்டார்கள். அந்த அறையில் ஒரு தாதி பாயை விரித்துத் தொழுதுகொண்டிருந்தார். அவர் முடிக்கும்வரை ஓரமாக நின்றேன். அவர் பாயை மடித்து வைத்துவிட்டு எனக்குத் தலையாட்டிப் போனார். புகைப்படம் அதே இடத்தில்தான் தொங்கியது. ஒரு வருடத்துக்கு முன்னர் கும்பிட்ட அதே இடத்தில் போய் நின்றேன். கும்பிடக் கை எழவில்லை. கையில் பை இருந்தது, அதுவும் ஒரு காரணம்.

"இண்டைக்கு ஒண்டும் கேக்க வரேல்லை" என்றேன். குரல் நான் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. "ஒரு விஷயம் சொல்லிப்போட்டுப் போக வந்தனான். அவவுக்கும் இதுக்கும் ஒரு தொடுசலும் இல்லை. நேர்த்தி வைச்சது நான். பிடிக்கிறதெண்டால் என்னைப் பிடியுங்கோ. உருளுறனெண்டு சொன்னனான், உருளுவன். ஆனா அதுக்குப் பிணையா அவவை வைச்சிருக்கிற வேலை வேண்டாம். மூண்டு பேருக்கும்தான் சொல்லுறன்."

குவிமாடம் பொன் நிறமாகவே இருந்தது. ஆனாலும் நான் வெளியே வந்தபோது, அந்த ஒரு வருடத்தில் முதல்முறையாக மதில் என் கண்ணுக்குள் நிற்கவில்லை. இயந்திரத்துக்குள் படுத்திருக்கிற பெண்தான் நின்றாள். அது மதிலைவிடப் பயமாக இருந்தது என்பதையும் சொல்லவேண்டும். நேர்த்தி என்பது எவ்வளவு வசதியான ஒளிப்பிடம் என்று அப்போதுதான் விளங்கியது.

திரும்பி வந்தவள் என் முகத்தைப் பார்த்தாள். "போனியளோ?"

"ஓம்."

"என்ன குடுக்கிறனெண்டு சொன்னியள் இந்தமுறை? தலையோ?"

"ஒண்டும் குடுக்கேல்லை. கொழுவிப்போட்டு வந்தனான்."

அவள் தாலிக்கொடியை வாங்கிக் கழுத்தில் போட்டாள். சிரிப்பு வந்ததை மறைக்க அந்தக் கொழுக்கியோடு கொஞ்ச நேரம் மினைக்கெட்டாள்.

இரண்டு வாரம் கழித்து முடிவு சொல்லக் கூப்பிட்டார்கள். இளம் டொக்டர் ஒருவர் திரையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். அந்த மூன்று பார்வைக்குள் நான் ஒரு வயது மூத்தேன். கட்டி இல்லை என்றார். மனைவி, "நன்றி டொக்டர்" என்று சொல்லி எழும்பினாள். எங்கள் பஸ் தரிப்பிடத்தில் இறங்கியதும்தான் சொன்னாள்:

"பாத்தியளோ? உங்கட நேர்த்தியும் கிடக்குது. நானும் கிடக்கிறன்."

"ஆனாலும் நான் போகத்தான் வேணும். சொன்னது சொன்னதுதான்."

"போகவேண்டாமெண்டு ஆர் சொன்னது? சண்டை ஓயட்டும். நானும் வாறன். நீங்கள் உருளுங்கோ, நான் கடைத்தெருப் பாக்கிறன்."

அடுத்த நாள் ஷிப்டில், எங்கள் வாங்கில் வைத்து அந்தப் பாலஸ்தீனரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்கான் முடிவைக் கேட்டதும் என் தோளைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கினார். குடுவையிலிருந்த தேநீரில் எனக்குத்தான் முதலில் ஊற்றினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இனிப் பயத்துக்காக இல்லை, ரோசத்துக்காகவே உருளப்போகிறேன் என்றேன். சந்தையோ, சரிவோ, பஸ் றோட்டோ, எது வந்தாலும் ஓர் அங்குலமும் விடமாட்டேன், யார் மறித்தாலும் நிற்கமாட்டேன் என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லியிருக்கவேண்டும். பக்கத்து வாங்கில் இருந்த பயணிகள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் தன் தேநீரைக் குடித்து முடித்தார். கோப்பையை உதறிக் குடுவையில் மூடினார். பிறகு சொன்னார்:

"உருளுறதெண்டால் உருளு. ஆனா எங்கட சனத்துக்கு வழியை விட்டு உருளு. அதுகள் வேலைக்குப் போகவேணும். கடவுளின்ரை பேராலை அந்த றோட்டை மறிச்சுக்கொண்டு நிக்க ஏற்கெனவே போதுமான ஆக்கள் இருக்கினம்."